திருமலைக்குத் துணி வந்து சேரும் வழி

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு அன்று காலை வெயில் அடித்தது. 2016 டிசம்பர். தைத்து முடித்த 40 பள்ளிச் சட்டைகளில் ஈரவாடை ஏறிவிடக் கூடாதென்று முற்றத்துக் கொடியில் வரிசையாகப் போட்டோம். திருகோணமலையில், பாலையூற்றில் எங்கள் தையல் கூடம் வீட்டோடு சேர்ந்தது. முற்றத்தில் ஒரு வேம்பு, அதிலிருந்து மதில் வரைக்கும் கொடி. கடைசிச் சட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிய பிள்ளை, "அக்கா, இங்க வந்து பாருங்க. கை வேற துணியா?" என்றாள்.

போய்ப் பார்த்தேன். முன்பக்கமும் முதுகும் நீலம் ஓடிய வெள்ளை. கைகளும் கொலரும் பால் வெள்ளை. உள்ளே வெட்டும் மேசையில் ஒன்றாகத் தெரிந்த துணி, வெயிலில் இரண்டாகப் பிரிந்து நின்றது. 40 சட்டையில் 26 அப்படி. இரண்டு ரோல் துணியை அடுக்கி ஒன்றாக வெட்டியிருந்தோம். இரண்டும் ஒரே கடை, ஒரே விலை, ஒரே பெயர். வெள்ளையில் என்ன நிறம் மாறப்போகிறது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

கடைக்குப் போன் பண்ணினேன். "வெட்டின துணிய நாங்க திருப்பி எடுக்கிறதில்ல" என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது; நான் வெட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். நீல வெள்ளை ரோலில் மிச்சம் இருந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி 15 சட்டைக்குக் கையும் கொலரும் மாற்றினோம். மிச்சம் 11 சட்டையும் புதுத் துணி. தாய்மார் கேட்டு வரும் திகதிக்கு முந்திய இரவு ஒரு மணி வரைக்கும் மெசின் ஓடியது. அந்த வருட லாபம் அந்தக் கொடியிலேயே போய்விட்டது.

ஏன் அப்படி ஆனது என்று எனக்கு விளங்கப்படுத்தியவள், கட்டுநாயக்க வர்த்தக வலயத்து ஆடை ஆலையில் ஏழு வருடம் தரப் பரிசோதனையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தங்கச்சி. வெள்ளைத் துணிக்கு ஆலையில் வெண்மை கூட்டும் ஒரு மருந்து போடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். வெயிலில் புற ஊதா நிறைய உண்டு. கடையில் எரியும் எல்இடி விளக்கில் அநேகமாக இல்லை. அதனால் மருந்து கூடப் போட்ட துணியும் குறையப் போட்ட துணியும் கடைக்குள் ஒன்றுபோல இருக்கும், தெருவுக்குக் கொண்டுவந்தால் வேறாகும். ஒவ்வொரு முறை சாயத் தொட்டியில் இறங்கும் துணிக்கும் ஒரு லொட் நம்பர் இருக்கிறது, ரோலின் நுனியில் ஒட்டியிருக்கும் துண்டில் அது எழுதியிருக்கும் என்றும் அவள்தான் காட்டினாள். ஐந்து வருடமாக அந்தத் துண்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது துணி வாங்கப் போனால் ரோல் தலைப்பை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடுவேன். முதலாளிமார் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஒரு சட்டையின் எல்லாத் துண்டும் ஒரே ரோலில் இருந்து வர வேண்டும். வெட்டியதும் ஒவ்வொரு துண்டுக்கும் உட்பக்கம் சோக்கில் ரோல் நம்பர் போட வேண்டும். இந்த இரண்டையும் எங்கள் கூடத்தில் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

2011 இல் அம்மாவின் கால் மெசினோடும் கடனுக்கு வாங்கிய ஒரு கரண்ட் மெசினோடும் தொடங்கினேன். இன்று ஒன்பது மெசின், ஏழு பெண்கள். நவம்பரில் இருந்து பள்ளிச் சீருடை. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குப் பெட்சீட், தலையணை உறை, திரைச்சீலை, வேலையாட்களின் உடுப்பு. தையல் சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு. துணி எப்படி வாங்குவது, எப்போது வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. கேட்டு வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. ஆனால் இங்கே வருவது கோதுமைக் கப்பலும், சீமெந்துக்கான கிளிங்கர் கப்பலும், எண்ணெய்க் கப்பலும்தான். துணிக் கொள்கலன் கொழும்பில் இறங்குகிறது. இலங்கையில் பருத்தி விளைச்சல் பேருக்குத்தான். தைக்கும் துணியில் பெரும்பங்கு சீனாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் வருகிறது. அங்கே கிளம்பிக் கொழும்பில் இறங்கி, அங்குள்ள மொத்தச் சந்தையான புறக்கோட்டையில் கைமாறி, ஹபரணைக் காடு தாண்டி, கந்தளாய் வழியாக என் மேசைக்கு வர வேண்டும். கொழும்பில் இருந்து இங்கே சுமார் 260 கிலோமீற்றர். அந்தக் கடைசித் தூரம்தான் என் கையில் இருக்கிற பகுதி.

புறக்கோட்டையில் துணி என்றால் கெய்சர் வீதி, பிரதான வீதி, இரண்டாம் மூன்றாம் குறுக்குத் தெருக்கள். முதல் தரம் போன நாள் அந்தச் சனத்துக்குள் மூச்சு முட்டியது. முதுகில் மூட்டையோடு நாட்டாமிமார் "பாரம், பாரம்" என்று கத்திக்கொண்டு வருவார்கள், கைவண்டி காலில் ஏறும். ஒருவர் யார் (yard, கெஜம்) கணக்கில் விலை சொல்வார், பக்கத்துக் கடையில் மீற்றர் கணக்கில் சொல்வார்கள். யார் 480 ரூபா, மீற்றர் 510 ரூபா என்றால் யார்க் கடைதான் மலிவு என்று தோன்றும். ஒரு யார் 0.9144 மீற்றர். 480 ரூபா யார்த் துணியை மீற்றருக்கு மாற்றினால் 525 வருகிறது. 510 தான் மலிவு. கல்குலேட்டர் கையில் இல்லாமல் அந்தத் தெருவுக்குள் போகாதீர்கள்.

அகலமும் அப்படித்தான். 44 அங்குலத் துணி யார் 400, 58 அங்குலத் துணி யார் 510 என்று வைப்போம். சின்னப் பையனின் அரைக்கைச் சட்டை ஒன்றுக்கு எங்கள் வெட்டில் 44 அங்குலத்தில் ஒன்றரை யார் போகும். 58 இல் 1.1 யார் போதும். அதாவது 600 ரூபாவும் 561 ரூபாவும். விலை கூடிய துணியில் சட்டை மலிவாக முடிகிறது. அப்புறம், 58 என்று சொல்லும் துணியை அளந்தால் 57 இருக்கும். ஊசித் துளை விழுந்த இரண்டு பக்கக் கரையையும் விட்டால் வெட்டக் கிடைப்பது 56. அந்த 56 ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எனக்குப் பாடமாக இருந்த இன்னொரு கணக்கையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் 400 யார் வாங்கினேன், யார் 480. துணிக்கு 192,000 ரூபா. நாட்டாமி கூலி 1,500, லொறிக் கூலி 6,000, எனக்குப் போய்வரவும் சாப்பாட்டுக்கும் 5,000, இங்கே இறக்கியதும் ஓட்டோவுக்கு 800. மொத்தம் 205,300. பிரித்துப் பார்த்ததில் 12 யார் கறையும் நூல் ஓட்டமும், அதை வெட்ட முடியாது. மிச்சம் 388 யார். இப்போது ஒரு யார் 529 ரூபா. பல பெண்கள் சட்டை விலை போடும்போது பில்லில் இருக்கும் 480 ஐத்தான் எடுக்கிறார்கள். ஒரு சட்டைக்கு ஐம்பது ரூபாவுக்கு மேல் கையை விட்டுப் போகிறது, ஏன் கையில் காசு நிற்கவில்லை என்றும் தெரிவதில்லை. என் கொப்பியில் பில் விலை ஒரு நிரல், மேசை விலை ஒரு நிரல். தாய்மாரிடம் சொல்லும் விலை மேசை விலையில் இருந்துதான் பிறக்கும்.

அந்தக் கட்டுநாயக்கத் தங்கச்சி சொல்லித்தந்த துணிப் பரிசோதனையைச் சின்னக் கூடத்திலும் செய்யலாம். பெரிய ஆலைகள் நாலு புள்ளி முறை என்று ஒன்று வைத்திருக்கின்றன. குறை மூன்று அங்குலத்துக்குள் என்றால் ஒரு புள்ளி, ஆறு அங்குலம் வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நாலு. ஒரு யார் நீளத்துக்கு நாலு புள்ளிக்கு மேல் போடுவதில்லை. 100 சதுர யாருக்கு 40 புள்ளி தாண்டினால் அநேகமானவர்கள் அந்த ரோலை ஏற்பதில்லை. 58 அங்குல அகலத்தில் 100 யார் ரோல் என்றால் 161 சதுர யார். ஏறக்குறைய 64 புள்ளி வரைக்கும் பொறுக்கலாம். இதற்கு எங்களிடம் பெரிய மெசின் இல்லை. ஜன்னலுக்கு முன்னால் இரண்டு மரச் சட்டம், மேலே ஒரு பிவிசி குழாய். ஒருத்தி இழுப்பாள், ஒருத்தி பார்த்துக் குறைக்கு நேரே கரையில் சிவப்பு நூல் கட்டுவாள். ஒரு ரோலுக்கு 40 நிமிடம் போகிறது. புள்ளிக் கணக்கோடும் படத்தோடும் கடைக்காரரிடம் பேசினால் பேச்சின் விதமே மாறிவிடுகிறது. "துணி சரியில்ல நானா" (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்) என்று சொன்ன காலத்தில் எனக்கு ஒரு ரூபாவும் குறைந்ததில்லை. "நாலாம் ரோலில் 90 புள்ளி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் நாளே அந்த ரோலை மாற்றித் தந்தார்.

சுருக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு ஹோட்டலுக்கு 60 பருத்திப் பெட்சீட் கொடுத்தேன், நீளம் 108 அங்குலம். இரண்டு மாதம் கழித்து ஹோட்டலின் அறைப் பராமரிப்புப் பொறுப்பாளர் கூப்பிட்டுக் காட்டினார். மெத்தை 78 அங்குலம், உயரம் பத்து. இரண்டு முனையிலும் இறங்கவே 98 அங்குலம் வேண்டும். துவைத்துத் துவைத்து 6 வீதம் சுருங்கி, பெட்சீட் 101 அரையில் நின்றது. மெத்தைக்கு அடியில் மடிக்க ஒரு பக்கத்துக்கு இரண்டு அங்குலம்கூட இல்லை. விருந்தாளி புரண்டு படுத்தால் கழன்றுவிடும். அவர் கத்தவில்லை, "அக்கா, இத நான் முதலாளிக்கு எப்பிடிச் சொல்றது" என்று மட்டும் கேட்டார். அது எனக்குக் கத்தியதை விட அதிகமாகச் சுட்டது. பாதி விலைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது புதுத் துணி எது வந்தாலும் 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, வாங்குபவர் எப்படித் துவைப்பாரோ அப்படித் துவைப்போம். ஹோட்டல் துணி என்றால் சுடுநீர். மூன்று தரம் துவைத்துக் காய வைத்து அளப்போம். 50 இருந்தது 48 ஆனால் 4 வீதம். அதைக் கூட்டித்தான் வெட்டு அளவு. பள்ளிச் சீருடைக்கு வரும் பொலியெஸ்டர் கலந்த துணியில் இந்தத் தொல்லை குறைவு.

நூல், பட்டன், கொலருக்கு உள்ளே வைக்கும் கன்வஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நூலில் மிச்சம் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். ஒரு சட்டைக்கு எங்கள் கணக்கில் நூறு மீற்றர் போல நூல் போகிறது. சட்டையின் விலையில் அது மிகச் சின்னப் பங்கு. மலிவு நூல் அறுந்து மெசின் நிற்கும் ஒவ்வொரு தரமும் போகும் நேரம் அதைவிடப் பெரியது. பட்டனைப் பெட்டிக் கணக்கில் வாங்கி, ஒரே வகையைப் பல வருடம் வைத்திருங்கள். சட்டையில் ஒன்று விழுந்தால் தாய் தேடி வரும்போது கொடுக்க அதே பட்டன் இருக்க வேண்டும்.

மலிவு என்றதும் பமுணுவ ஞாபகம் வருகிறது. கொழும்பை அடுத்த மஹரகமவுக்குப் பக்கம். ஏற்றுமதி ஆலைகளில் மிஞ்சிய துணி அங்கே குவியும். கையில் எடுத்தால் மனசு கேட்காது, அப்படியான துணி பாதி விலைக்கு. ஒரு தரம் அங்கே கிடைத்த கடல்நீலத் துணியில் ஹோட்டல் வேலையாட்களுக்கு 18 சட்டை தைத்தேன். நல்ல பெயர் கிடைத்தது. அடுத்த மாதம் அவர்கள் இன்னும் பத்துக் கேட்டார்கள். அந்த நீலம் நாட்டில் எங்கேயும் இல்லை. மூன்று நாள் அலைந்தேன். மிச்ச லொட் துணியில் ஒரு முறையோடு முடிகிற வேலை மட்டும் செய்ய வேண்டும்: குஷன் உறை, குழந்தைக் கவுன், பை. மறுபடி கேட்கப்படும் உடுப்பை அதில் தொடக்கூடாது.

காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இது எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. சீருடை கேட்டு வரும் மாதங்களும் எங்கள் ஊரில் வாடைக்காற்று மழை கொட்டும் மாதங்களும் ஒன்றுதான். டிசம்பரில் புறக்கோட்டையில் விலையும் ஏறும், வெள்ளைத் துணியும் தட்டுப்படும், வரும் வழியில் லொறியும் நனையும். தொடக்கத்தில் ஓடர் கையில் வந்த பிறகுதான் துணிக்குப் போவேன். இப்போது செப்டெம்பரிலேயே முக்கால் பங்கு வாங்கிவிடுவேன். ஹோட்டல் துணி பெப்ரவரியில். முன்கூட்டி வாங்கினால் காசு துணியில் முடங்கும், உண்மைதான். ஆனால் டிசம்பரில் துணிக்காகக் காத்திருந்து மெசின் சும்மா நிற்கும் ஒரு கிழமைக்கு நான் ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முடங்குகிற காசின் வட்டிதான் குறைவு.

கணக்குத் தப்பிய வருடங்களும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு சில வருடம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்காமல் தள்ளிப்போனது. செப்டெம்பரில் வாங்கிய துணி மார்ச் வரைக்கும் கிடந்தது. 2023 இல் அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவசச் சீருடைத் துணியில் சுமார் 70 வீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. தாய்மார் அந்தத் துணியைக் கொண்டுவந்து தையல் கூலி மட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் அலுமாரியில் 300 யார் தேங்கியது. அன்றில் இருந்து ஓகஸ்டிலேயே தெரிந்த ஆசிரியர்மாரிடமும் தாய்மாரிடமும் ஒரு சுற்றுக் கேட்பேன்: துணி எப்போது கிடைக்கும் என்கிறார்கள், எத்தனை வகுப்புக்கு, இரண்டாவது சோடி தைப்பீர்களா. இந்த விசாரிப்புக்குப் பிறகே எத்தனை ரோல் என்று முடிவு.

தேங்கிய துணியைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. மழைக் காலத்தில் சுவரோடு சாய்த்து வைத்த ரோலில் கரும்புள்ளி பூஞ்சணம் பிடிக்கும். நிலத்தில் இருந்து அரையடி உயரத்தில் பலகை, சுவருக்கும் ரோலுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. கடையில் வந்த பொலித்தீன் உறையோடு மாதக்கணக்கில் வைத்த வெள்ளைத் துணி மடிப்போரத்தில் மஞ்சளாவதையும் பார்த்திருக்கிறேன். வந்ததும் உரித்துவிட்டுத் துவைத்த பழைய பருத்திச் சீலையால் சுற்றி வைக்கிறோம்.

2022 ஐ மறக்க முடியாது. மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர விட்டது. 200 ரூபாவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. போனில் 310 என்று சொன்ன துணி, அடுத்த கிழமை கையில் காசோடு போனபோது 420. "இந்த விலை இன்டக்கிப் பின்னேரம் வரைக்கும்தான் தங்கச்சி, நாளைக்கு எனக்கே தெரியாது" என்றார் வழமையான நானா. அவர் ஏமாற்றவில்லை, அடுத்த கொள்கலனுக்கு டொலர் கிடைக்குமா என்றே அவருக்குத் தெரியாது. கடன் நின்றது, எல்லாம் கைக்காசு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அம்மாவின் கால் மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு வெளியே எடுத்தோம். டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன.

அப்போது ஓடியவை மீன் லொறிகள்தான். இங்கே இருந்து கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடைச் சந்தைக்கு மீன் ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பும். வேறு வழி தெரியாமல் நாலு ரோலை இரண்டு மடிப்புப் பொலித்தீனில் கட்டி ஏற்றினேன். டிரைவர் அண்ணன் நல்ல மனிதர், பெட்டியைக் கழுவித்தான் வைத்தார். ஆனாலும் ஈரம் ஊறி வெளிச் சுற்று எட்டு யாரில் வாடை. துவைத்தாலும் போகவில்லை. அதன்பிறகு யோசித்தேன்: இந்த ஊரில் இருந்து கொழும்புப் பக்கம் நிறைவாகப் போய் வெறுமையாக வருவது வேறு என்ன? சீமெந்து லொறி தூசி. கோதுமை மாவு ஏற்றும் லொறி சுத்தம், மேலே தார்ப்பாயும் உண்டு. அப்படி ஓடும் ஒரு தம்பியோடு பேசி ஏற்பாடு செய்தேன். திரும்பி வரும் லொறிக்கு எது கிடைத்தாலும் லாபம் என்பதால் கூலியும் பாதி. இன்றுவரைக்கும் என் துணி மாவு லொறியில்தான் வருகிறது. உங்கள் ஊரில் இருந்து வெளியே என்ன போகிறது என்று பாருங்கள். திரும்பி வரும் வண்டிதான் உங்கள் வண்டி.

அந்தக் கஷ்டத்தில் பிறந்த இன்னொரு நல்ல காரியம், சேர்ந்து வாங்குவது. கிண்ணியாவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா), தம்பலகாமத்தில் ஒரு அக்கா, மூதூரில் ஒரு தம்பி, நான். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் வரைக்கும் "பாதை"யில்தான் கடந்தோம், மிதவைப் படகை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இப்போது அரை மணியில் ராத்தா என் வீட்டில் நிற்பார். முஸ்லிம் பிள்ளைகளின் நீளச் சீருடைக்கும் தலைத்துணிக்கும் துணி கூடப் போகும் என்பதால் எங்கள் நாலு பேரிலும் அவருக்குத்தான் பெரிய பங்கு. நாலு பேரும் சேர்ந்தால் 1,600 யார். அந்த அளவுக்கு ஒரே லொட்டில் ரோல் கேட்டால் கடையில் எடுத்து வைக்கிறார்கள். தனியாக 400 யார் கேட்டுப் போனபோது கிடைத்தது கலப்பு லொட்.

முதல் தரம் மனக்கசப்பும் வந்தது. குறையுள்ள ரோல் யாருக்கு என்று சண்டை. இப்போது ஏற்பாடு தெளிவு: காசு நாலு பேரும் முன்கூட்டியே போட வேண்டும், ரோல்கள் என் வீட்டில் பிரித்துப் பார்த்த பிறகுதான் பங்கு, சேதம் அவரவர் யார்க் கணக்குக்கு ஏற்றபடி. எழுதி நாலு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். சொந்தக்காரர் போலப் பழகினாலும் எழுத்து வேண்டும், அப்போதுதான் பழக்கமும் நிற்கும்.

மருதமுனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோட்டல்காரர்கள் உள்ளூர்க் கைத்தறி கேட்கத் தொடங்கியதும் அங்கே போனேன். மட்டக்களப்பு தாண்டிப் போக வேண்டும். தறிச் சத்தம் வாசலிலேயே கேட்கும் வீடுகள். கொழும்புக் கடை மாதிரி அங்கே போய் "200 மீற்றர், அடுத்த கிழமை" என்று நின்றால் நடக்காது. ஒரு தறியில் ஒரு நாளைக்கு நெய்ய முடிவது சில மீற்றர். நூலும் வெளிநாட்டில் இருந்து வந்தாக வேண்டும். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டால் காய வெயில் வேண்டும், மழையில் வேலை பாதியாகும். நான் ஓகஸ்டில் சொல்லி வைத்து நூலுக்கு முன்பணமும் கொடுத்துவிடுவேன். நெய்பவர் கடனுக்கு நூல் வாங்கினால் அந்தக் கடன்காரருக்குத்தான் முதலில் நெய்வார். என் துணி பின்னுக்குப் போகும். முன்பணம் கொடுத்த பிறகு ஒரு தரமும் திகதி தவறியதில்லை. விலை கூடத்தான். அந்தக் கைகளுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்று நான் விரும்புகிறேன், ஹோட்டல்காரரிடமும் அதைச் சொல்லித்தான் விற்கிறேன்.

செக் விஷயத்தில் ஒரு தரம் அடிபட்டேன். ஒரு ஹோட்டல் 45 நாளில் காசு தருவதாகச் சொன்னது. அதை நம்பி நானாவுக்கு 50 ஆம் நாளுக்குத் திகதி போட்டு செக் எழுதினேன். ஹோட்டல் காசு 80 ஆம் நாள் வந்தது. செக் திரும்பியது. நானா என்னைத் திட்டவில்லை, ஆனால் அடுத்த ஒன்றரை வருடம் கடன் தரவில்லை. இப்போது கையில் இருக்கும் காசுக்கு மட்டும்தான் செக். தர முடியாத நிலை வந்தால் திகதிக்கு நாலு நாள் முன்னால் நானே போன் எடுத்துச் சொல்லிவிடுவேன்.

நாளைக் காலை மாவு லொறி வருகிறது, இந்த வருடத்துக்கான 16 ரோலோடு. மழை தொடங்க இன்னும் சில கிழமை இருக்கிறது. பலகைகளைக் கழுவிக் காய வைத்தாகிவிட்டது. ராத்தா எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார், இடியப்பமும் கொண்டுவருவாராம். ஒவ்வொரு ரோலின் தலைப்பில் இருந்தும் ஒரு சாண் வெட்டி, நம்பர் எழுதி, வேம்படிக் கொடியில் 16 துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். வெயில் மேலே ஏறும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவோம்.